ஒரு வில்லைக்கு இரண்டு ஆள்

பெயர் சபாபதி, தகப்பனார் பெயர் இராமலிங்கம், வயது நாற்பத்தொன்று, தம்போய் கல்மலையை அடுத்த லயத்தில் குடியிருப்பு, அதே கல்மலையில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை. 1934ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் 9ஆம் தேதி போலீஸ் நிலையத்தில், யாரும் கூப்பிடாமல் நானாக வந்து சொல்வது.

எங்கள் கல்மலையில் ஆளை எண்ணுவது தகர வில்லையை வைத்து. காலையில் பள்ளத்தில் இறங்குகிறவர் பலகை ஆணியிலிருந்து தம் எண் போட்ட வில்லையை எடுத்துக்கொண்டு போவார். வெடி வைக்கும் முன் நான் விசில் ஊதியதும் மேலே வந்து அதே ஆணியில் மாட்டுவார். ஆணி எல்லாம் நிறைந்தால் பள்ளத்தில் ஆள் இல்லை என்று பொருள், திரியில் நெருப்பு வைக்கச் சொல்வேன். புருஷனோடு கல் சுமக்க வரும் பெண்களுக்குப் பதிவும் கிடையாது, தனி வில்லையும் கிடையாது. ஒரு வில்லைக்கு இரண்டு ஆள். காண்டிராக்டர் லெட்சுமணன் போட்ட வழக்கம் அது. ஏழு வருடமாக நானும் அதற்குத் தலையாட்டினேன்.

சென்ற சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு விசில் ஊதினேன். ஐயாசாமி மேலே வந்து தம் வில்லையை மாட்டினார். மனைவி வெள்ளையம்மா பின்னால் வருவதாக நினைத்தார். அவள் கூடையை எடுக்கத் திரும்பிப் போனது அவருக்குத் தெரியாது. நான் பலகையைப் பார்த்தேன், ஆணி நிறைந்திருந்தது. பள்ளத்தை எட்டிப் பார்க்கவில்லை. வெடிக்கச் சொன்னேன்.

அதன் பிறகு அலறல் கேட்டு இறங்கி ஓடி, நானும் ஐயாசாமியும் கல்லைப் புரட்டி அவளை வெளியே எடுத்தோம். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. அவள் என்னைப் பார்த்து, "எல்லாரும் மேல வந்துட்டாங்களாண்ணே?" என்று கேட்டாள். வந்துவிட்டார்கள் என்றேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு மாலையில் காண்டிராக்டர் என்னைக் கூப்பிட்டு, அவள் பதிவில் இல்லாதவள், விறகு திருட வேலிக்குள் நுழைந்தவள் என்று எழுதிய காகிதத்தை நீட்டினார். "பதிவுல இல்லாதவளுக்காக நீ எதுக்குய்யா மாட்டிக்கிற? கையெழுத்தப் போடு" என்றார். எனக்கும் பயம்தான். போட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளையம்மாவின் வலது காலை எடுத்துவிட்டார்கள். உடம்பு தேறியதும் திருட்டு வழக்கில் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்களாம். ஐயாசாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். "நீங்கதானே எண்ணுனீங்க, நீங்களே வந்து சொல்லுங்கண்ணே" என்றார்.

ஆகவே சொல்கிறேன். வெள்ளையம்மா இரண்டு வருடமாக என் கண் முன்னால் கல் சுமந்தவள். அன்றும் வேலைக்குத்தான் வந்தாள். சனிக்கிழமை நான் கையெழுத்திட்ட காகிதம் பொய். வேலையாள் என்றால் அவளை உள்ளே விட்டு வெடித்த குற்றம் உன் மேல் வருமே, தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். தெரியும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

எழுதியதைக் குமாஸ்தா ஜெயபாலன் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே உண்மையாக இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் 'அந்தப் பெண்' என்று இருந்ததை அடித்து, 'வேலையாள் வெள்ளையம்மா' என்று எழுதச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்) சபாபதி