கவிழ்த்து வைத்த மங்குகள்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் டாக்டர் மகேந்திரன் அவர்களே, காலை வேளையிலேயே களைப்பில்லாமல் வந்திருக்கும் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் மாண்புமிகு அவர்களே, இந்தக் கண்காட்சியின் செலவை ஏற்ற வீடமைப்பு நிறுவனத்தின் மேலாளர் சுகுமாரன் அவர்களே, இதைத் தம் கையால் கட்டித் தொங்கவிட்ட கலைஞர் பிரமிளா அவர்களே, என் எழுபத்துமூன்றாம் வயதில் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்த ஆசிரியை தினேஸ்வரி அவர்களே, இந்தக் கூடத்தின் சாவியைக் காக்கும் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை ஜைனுலாப்தீன் பாய் அவர்களே, பதினோராம் கட்டை ரப்பர் தோட்டத்தில் பிறந்து இன்று ஈப்போவின் தாமான் குடியிருப்புகளில் சிதறி வாழும் பெரியோர்களே, என்னைப் பெற்றவளின் முகத்தை ஆளுக்குக் கொஞ்சம் வைத்திருக்கும் தாய்மார்களே, என் தலைக்கு மேலே அறுபத்தொரு பேராக அசையாமல் தொங்குகிறவர்களே, உங்கள் எல்லாருக்கும் உடையப்பனின் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையில் இருக்கும் தாள்கள் என் கையெழுத்து. ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே இறங்கும். 'ழ' போட்டால் ஈர மணலில் நண்டு நடந்த மாதிரி இருக்கும். இதை எழுத எனக்குப் பதினாறு நாளாயிற்று. நடுவில் நானே எழுதியது எனக்கே புரியாமல் நின்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுந்து போய்விடாதீர்கள்.

சிறு வயதிலேயே படித்துவிட்ட உங்களுக்கு அதன் ருசி மறந்து போயிருக்கும். எனக்கு மறக்கவில்லை. பூக்கடைப் பலகையைப் படிக்கிறேன், சிரிக்கிறேன். கோயில் சுவரில் உபயதாரர் பெயர்களைப் படிக்கிறேன், சிரிக்கிறேன். என் மச்சான் ராஜு சொன்னான்: "மச்சான், இந்த வயசுல தனியா நின்னு சொவத்த பாத்து சிரிச்சா நேரா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் ஏத்திட்டுப் போவாங்கலா." அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இப்போதும் அதையேதான் சொல்கிறான்.

அப்படி ஒரு நாள் இங்கேயும் சிரித்தேன். பதினோரு வாரத்துக்கு முன்னால், இந்தக் கண்காட்சி திறந்த நாள். ஆசிரியை எங்கள் வகுப்பையே அழைத்து வந்திருந்தார். பால்மரக் காட்டில் பட்டையைச் சீவிப் பால் வடிய மரத்துக்கு மரம் கட்டி வைப்போமே அந்த மண் மங்கு, அது அறுபத்தொன்று, மெல்லிய கயிற்றில் வாய் மேலே பார்த்தபடி தொங்கியது. மாண்புமிகு அவர்கள் பேசினார்கள். நம் வரலாறு இன்று வாழ்கிறது என்றார்கள். மேலாளர் பேசினார். மண்ணின் நினைவை மதிக்கும் நிறுவனம் என்றார். எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், பலமாகவே தட்டினேன்.

பிறகு சுவரில் ஓர் அட்டையைப் பார்த்தேன். நான்கு மொழியில் எழுதியிருந்தது, தமிழ் அடியில் இருந்தது. விரல் வைத்துப் படித்தேன். 'கைவிடப்பட்ட மங்குகள். உரியவர் இல்லை. பெயர்கள் தெரியவில்லை.' ஆறு சொல், ஒரு சொல்லும் தடுக்கவில்லை. யாருடைய உதவியும் இல்லாமல் படித்துவிட்டேன் என்று சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் பொருள் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

நேர் மேலே நாற்பத்தேழாம் எண். அது என்னுடைய மங்கு.

அன்பர்களே, தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு நடக்கும். கணக்கெழுதும் கிராணி ஒவ்வொருவர் எண்ணாகச் சொல்வார், நாங்கள் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கு அன்றைக்கு வேலையில்லை, கூலியில்லை. எழுத்துத் தெரியாதே தவிர எண் தெரியாதவன் தோட்டத்தில் இல்லை. அந்த எண்ணை ஆணியால் மங்கில் கீறி வைப்போம். ஒருவர் இறந்துவிட்டால் கல் நட எங்களுக்கு வசதியில்லை, கல்லில் எழுத ஆளும் இல்லை. அவர் கடைசியாகச் சீவிய மரத்திலிருந்து மங்கை அவிழ்த்துக் கொண்டுபோய்த் தலைமாட்டில் கவிழ்த்து வைப்போம். ஏன் கவிழ்க்க வேண்டும்? இனி உனக்குப் பால் சொட்டாது, இனி உனக்குப் பெரட்டு இல்லை, இனி உன்னை யாரும் எழுப்ப மாட்டார்கள், தூங்கு என்று சொல்லத்தான். நிமிர்த்தி வைத்த மங்கு வேலைக்குக் கூப்பிடும் மங்கு. எங்கள் தோட்டத்தில் குழந்தைகூட அந்தப் பக்கம் போய் ஒரு மங்கை நிமிர்த்தாது.

என் மனைவி வீரம்மா மூன்று நாள் காய்ச்சலில் போனாள். அவள் கடைசியாகச் சீவிய மரத்தில் கிளை முறிந்து விழுந்து மங்கு உடைந்திருந்தது. அதனால் என் மங்கைக் கொண்டுபோய் அவள் தலைமாட்டில் கவிழ்த்தேன். அதுதான் நாற்பத்தேழு. அதுதான் இங்கே வாயைத் திறந்துகொண்டு தொங்கியது.

அன்றே கலைஞர் பிரமிளாவிடம் போனேன். இவை கல்லறை மங்குகள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"அங்க கல்லறை மாதிரி ஒண்ணுமே இல்லங்க ஐயா. இடுப்பளவு லாலான் புல்லு. அதுக்குள்ள வரிசையா மங்கு. யாரோ அடுக்கி வச்சிட்டு மறந்துட்டாங்கனு நெனச்சேன்."

"மறக்கலம்மா. அடுக்கி வச்சிட்டு அழுதுட்டு வந்தோம்."

அவரை யாரும் குறை சொல்லாதீர்கள். தோட்டம் மூடி முப்பது வருடமாகிறது. அந்தப் புல்லுக்குள் குனிந்தவர் இந்தப் பெண் ஒருவர்தான். நாம் யார் குனிந்தோம்? அங்கே படுத்திருக்கும் மாரியம்மாவின் மக்கள் குனிந்தார்களா? அவளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நம் பத்துமலைக் கிழவனின் பேரப்பிள்ளைகள் குனிந்தார்களா? மனைவியைப் புதைத்த நான் குனிந்தேனா? தைப்பூசத்துக்குப் போனோம், திருமணத்துக்குப் போனோம், பங்கோர் தீவைப் பார்க்க லூமுட் வரைக்கும் போனோம். அந்தச் சாலையில்தான் பதினோராம் கட்டை இருக்கிறது. வண்டியை நிறுத்தினோமா?

ராஜு, நீயும் நிறுத்தவில்லை. தலையைக் குனியாதே.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். நான் பயப்படவில்லை.

கண்காட்சி திறந்த இரண்டாம் வாரம் ஜைனுலாப்தீன் பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். எல்லா மங்கிலும் ஏதோ இருந்தது. வெள்ளையாக, கொஞ்சம் கெட்டியாக.

"அண்ணே, மழ பெஞ்சி பத்து நாளாச்சி," என்றார். "கூரையில மூணு தடவ ஆள ஏத்திட்டேன். ஓடு காஞ்சி கெடக்கு. சாயங்காலம் ஒவ்வொண்ணா தொடச்சி வச்சிட்டுத்தான் பூட்டுறேன். காலையில பத்து மணிக்குத் தொறந்தா நெறஞ்சி கெடக்குது."

"எங்கருந்து பாய் வருது?"

"எங்கிட்ட கேக்குறீங்களே. நான் மீன் கொழம்பு விக்கிறவன்லா. நீங்கதானே பால் காட்டு ஆளு."

கூடத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். நூறு வருடக் கட்டடம், சுண்ணாம்புச் சுவர், ஈரம் ஊறிச் சொட்டுகிறது என்றார்கள். இருக்கலாம். படித்தவர்கள் சொல்கிறார்கள், நான் சண்டை போடவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பத்து மணி என்பது பால் எடுக்கும் நேரம் என்று சுண்ணாம்புக்கு யார் சொன்னார்கள்? மாரியம்மாவின் மங்கு ஒவ்வொரு நாளும் விளிம்பு தொட்டு நிற்கிறது. தோட்டத்திலேயே அதிகப் பால் எடுத்தவள் அவள். சுண்ணாம்புக்கு மாரியம்மாவைத் தெரியுமா? பத்துமலையின் மங்கில் ஒரு கரண்டிகூடச் சேர்வதில்லை. மரத்தடியில் சுருட்டோடு உட்கார்ந்தே காலத்தை ஓட்டிய ஆள் அவன். ஈரத்துக்கு அவன் சோம்பல் தெரியுமா?

நாற்பத்தேழையும் பார்த்தேன். நான் சீவினால் அரை மங்குக்கு மேல் என்றைக்கும் சேர்ந்ததில்லை, கிராணி திட்டாத நாளில்லை. நாற்பத்தேழு முக்கால் வரைக்கும் நிறைந்திருந்தது. அது என் கை இல்லை. அது வீரம்மா கை. அவள் ஒவ்வொரு நாளும் முக்கால் மங்குதான் எடுப்பாள்.

தாய்மார்களே, அவர்களை நாம் நிமிர்த்திவிட்டோம். அவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள். பதினோரு வாரமாக, ஞாயிற்றுக்கிழமை விடுப்புகூட இல்லாமல், கூலி இல்லாமல், தலைக்கு மேலே நின்று வேலை செய்கிறார்கள். நாம் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

இதில் யாருக்கு என்ன கிடைத்தது என்று யோசித்தேன். கலைக்கு ஒரு படைப்பு கிடைத்தது. அரசியலுக்கு ஒரு மேடை கிடைத்தது. வணிகத்துக்கு என்ன கிடைத்தது? அதைத் தெரிந்துகொள்ளத்தான், நம் பழைய தோட்டத்தை வாங்கி வீடு கட்டப்போகும் நிறுவனத்தின் மேலாளர் சுகுமாரனைப் போய்ப் பார்த்தேன். மரியாதையானவர், தேநீர் கொடுத்தார்.

"பெரியவரே, சர்வே எடுத்தாச்சு," என்றார். "அங்க மயானம்னு ஒரு அடையாளமும் இல்ல. நில அலுவலகமும் வந்து பாத்து எழுதிக் குடுத்துட்டாங்க. அடையாளம் இல்லாத எடத்த நான் எப்படி மயானம்னு சொல்ல முடியும்?"

"அடையாளம் ஒங்க செலவுலதான் தொங்குது தம்பி."

"அது கலைங்க ஐயா," என்றார்.

கேட்டீர்களா? புல்லுக்குள் கிடந்தபோது அது கல்லறை. கயிற்றில் தொங்கியதும் அது கலை. கலை ஆனதும் அங்கே கல்லறை இல்லை. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, அந்தக் கலைஞர் திருடவில்லை, மாண்புமிகு அவர்கள் மறைக்கவில்லை. ஆனாலும் அறுபத்தொரு பேர் காணாமல் போய்விட்டார்கள். புதன்கிழமை அந்த மேட்டில் மண்வாரி இயந்திரம் ஏறுகிறது. இன்று மாலை ஆறு மணிக்கு இந்த மங்குகள் நிறுவனத்தின் கைக்குப் போகின்றன. புது வீடு வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்காக விற்பனைக் கூடத்தில் தொங்கப்போகின்றன.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தெரியும் ஐயா. பத்தாகிறது. அதனால்தான் காலைக் கூட்டம் வேண்டும் என்று உங்களிடம் மன்றாடினேன்.

கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

கேட்கிறதா? சொட்டுவது ஏசி இல்லை, அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா தோளைத் துடைத்துக்கொள்கிறார். பயப்படாதீர்கள் அம்மா, அது மாரியம்மாவின் மங்கு, கொஞ்சம் வழிகிறது. அவள் எப்போதுமே அப்படித்தான்.

பதினோரு வாரமாக நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு சின்னத் தாள் கட்டியிருக்கிறேன், பாருங்கள். எண்ணைப் பார்ப்பேன், ஆளை நினைப்பேன், வீட்டுக்குப் போய்ப் பெயரை எழுதுவேன். வாரத்துக்கு ஐந்து ஆறு பெயர்தான் என் கை எழுதும். ஐம்பத்தொன்பது பெயர் எழுதிவிட்டேன். பெயர்கள் தெரியவில்லை என்று இனி எந்த அட்டையும் சொல்ல முடியாது.

கலைஞர் பிரமிளாவிடம் கடைசியாக நேற்றுக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அது என்னோட படைப்புங்க ஐயா. அதுவரைக்கும் நீங்க எத எடுத்தாலும் நான் தடுக்கமாட்டேன். நானும் ஒண்ணு எடுத்துக்குறேன்."

அதனால் அழைக்கிறேன். வாசலில் சங்கத்தின் பேருந்து நிற்கிறது. நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். ஒருவர் எழுந்து வாருங்கள், 'இருக்கேன்' என்று அவருக்காகச் சொல்லுங்கள், அந்த மங்கை அவிழ்த்துக்கொள்ளுங்கள். பாலைக் கொட்டிவிடாதீர்கள், அது அவர்கள் உழைத்தது. பதினோராம் கட்டைக்குப் போவோம். அவரவர் மேட்டில் கவிழ்த்து வைப்போம். புதன்கிழமை இயந்திரம் வரும்போது அறுபத்தொரு மங்கு இருக்கும், பக்கத்தில் அறுபத்தொரு ஆளும் இருப்போம். அடையாளம் வேண்டுமென்றால் எங்களைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். நானும் எழுதுவேன். அடுத்த வாரம் நில அலுவலகத்துக்கு என் கையாலேயே ஒரு கடிதம் போகும். பதில் வராவிட்டால் அதற்கடுத்த வாரம் இன்னொன்று போகும். எனக்கு இப்போது எழுதுவதைவிட இன்பமான வேலை வேறில்லை.

நாற்பத்தேழாம் எண்ணுக்கு யாரும் எழ வேண்டாம். அதற்கு நான் போகிறேன்.

இத்தனை நேரம் ஒரு கிழவனின் தடுமாற்றத்தைத் தாங்கிக்கொண்ட தலைவருக்கும், தடுக்காமல் விட்ட கலைஞருக்கும், கூடத்தைத் திறந்து வைத்த பாய்க்கும், மேலே பார்க்கத் துணிந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் சேர்த்து ஒரே வணக்கமாகச் சொல்லி என் தாள்களை மடிக்கிறேன்.

இன்னும் ஒன்று. ஐம்பத்தொன்பது போக மீதி இரண்டு மங்கில் கீறல் தேய்ந்துவிட்டது. அந்த இருவர் யாரென்று எனக்கும் தெரியவில்லை, ராஜுவுக்கும் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்காக 'இருக்கேன்' என்று சொல்ல ஆளில்லை. அந்த இரண்டையும் மாண்புமிகு அவர்களும் மேலாளர் சுகுமாரன் அவர்களும் ஏந்தி வர வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

பாய் அவிழ்த்துக் கொண்டு வருகிறார். எழுந்திருங்கள் ஐயா. இரண்டு கையாலும் வாங்குங்கள். கவனம், நிறைந்திருக்கிறது.