தொக்கம் எடுக்கும் வாசலில் நின்றவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தலைமையாசிரியர் கோதண்டபாணி ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கணவரை இழந்து அமர்ந்திருக்கும் துளசி அம்மா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள், நம் அறிவியல் ஆசிரியர் பரசுராமனைக் காலன் கவர்ந்துகொண்டான் என்றார்கள். தமிழாசிரியை நான் சொல்கிறேன்: காலன் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்காதீர்கள்!

கரும்பலகையில் உணவுக்குழலை வரைந்து பாகம் குறித்தவர் அவர். அவருக்கே நெஞ்சில் சோறு அடைத்தபோது ஊர் என்ன சொன்னது? "கறித்துண்டு மாட்டிக்கினு இருக்கும் சார். தொக்கம் எடுத்தா செரியாப் பூடும்பா." படித்தவர், அவரும் போனார். நெஞ்சில் குழலை வைத்து உறிஞ்சி, எதையோ துப்பிக் காட்டி, "இதுதான் அடைச்சிக்கினு இருந்தது" என்றார்கள். மறுநாளும் அடைத்தது. மறுபடியும் அதே வாசல்! தண்ணீரே இறங்காமல் போன பிறகுதான் சென்னைக்குப் போனார். புற்றுநோய். "முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கேட்டாராம். அந்தக் கேள்வி அவருக்கு மட்டுமா? இந்த ஊருக்கே இல்லையா?

உணவுக்குழலை வெட்டி எடுத்தார்கள். இரைப்பையையே குழலாகத் தைத்து, நெஞ்சு வழியாக மேலே கொண்டுவந்து கழுத்தில் இணைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வயிறு முட்டச் சாப்பிட முடியாது, சாப்பிட்டதும் படுக்க முடியாது. கல்யாணப் பந்தியில் ஒரு கவளம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை, "என்னா சார், எலைக்குக் காவலா?" என்று கேலி செய்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். இன்று மாலையோடு வந்திருக்கிறீர்கள்!

அவர் என்ன செய்தார்? ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே தொக்கம் எடுக்கும் வாசலில் போய் நின்றார். வருகிறவர்களிடம், "இங்க வாணாம்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கெஞ்சினார். அடிக்க வந்தார்கள். விட்டாரா? அப்படி அவரால் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்தான், அதோ அமர்ந்திருக்கும் நெசவாளர் காசிநாதன். அவருக்கும் அதே நோய்.

"அறுத்துட்டா நான் எப்பிடி சார் சோறு துன்றது?" என்று காசிநாதன் அழுதபோது, பரசுராமன் சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினார். "தறியில பழைய பாவு நூலோட புதுப் பாவு நூலைப் பிணைக்கிறியே, அது மாதிரிதான். இதோ பாரு" என்று அங்கேயே நின்று அரை இட்லியைத் தின்று காட்டினார். காசிநாதன் நேரத்தோடு போனார், பிழைத்தார். பரசுராமனுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. நோய் ஈரலில் திரும்பி வந்தது. என் வயிறு எரிகிறது!

படுக்கையில் கிடந்தபோதும், "ஞாயித்துக்கெழமை யாரு போவாங்க டீச்சர்?" என்றுதான் கேட்டார். பரசுராமன் சார், இனி நான் போவேன்.

போகவும் செய்தேன். போன ஞாயிறு அங்கே நின்றிருந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் இறங்கினார். என்னைக் கண்டதும் அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

கோதண்டபாணி ஐயா, என்னைப் பாருங்கள்.

மத்தியானம் நீங்கள் சோறு இறங்காமல் மோரில் கரைத்துக் குடிப்பதை ஸ்டாஃப் ரூமே பார்க்கிறது. சற்று முன்னால் கொடுத்த பிஸ்கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். பரசுராமனின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டா இதை மறைக்கிறீர்கள்? கோபம் வருகிறதா? வரட்டும்! நாளைக்கு எனக்கு மெமோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கொடுங்கள்.

காலையில் முதல் பஸ். நானும் துளசி அம்மாவும் உங்கள் வீட்டு வாசலில் நிற்போம். இன்னொரு படத்துக்கு முன்னால் பேச இந்த ரேணுகாம்பாளுக்குத் தெம்பில்லை, ஐயா. செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக இருங்கள்.