நிக்கிற பஸ்ஸோட கனம்

சட்னி இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லட்டுமா? கூச்சப்படாதீங்க சார். நீங்க ஸ்கூட்டரை விட்டு எறங்கி, எங்க கடை வாசல்ல குனிஞ்சு அந்தக் குழியைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு, பஸ் ஸ்டாப்பை எடுக்கத்தான் வந்திருக்கீங்கன்னு. அதுக்காக இட்லிக்குச் சட்னி கொறைப்பேனா? எங்க வீட்டுக்காரர் துரைசாமி உள்ள அடுப்புகிட்ட நிக்கிறாரு. அவரு தோசை ஊத்துவாரு, நான் பேசுவேன். கல்கத்தாவுல, இந்த டாக்குரியாவுல, எங்க கடை அப்படித்தான் ஓடுது.

தமிழ்க்காரரா வருவீங்கன்னு நெனைக்கவே இல்ல. வங்காளி ஆபீசரா இருந்தா, அண்ணேங்கிறதுக்கு தாதா, தாதான்னு அழுதிருப்பேன். அந்த பாஷையில எனக்கு அழத்தான் தெரியும். சண்டை போடத் தமிழ்தான் வேணும்.

நீங்களே சொல்லுங்க. ஆபீஸ் போறவன் பஸ் வரலேன்னா என்ன பண்ணுவான்? ரெண்டு இட்லி சாப்பிடுவான். ஸ்டாப்பை அந்தாண்ட மருந்துக் கடை வாசலுக்குக் கொண்டுபோறீங்க. அங்க பஸ் வரலேன்னா மாத்திரையா சாப்பிடுவான்?

ஆமா, குழி இருக்கு. இல்லேன்னா சொல்றேன்? போன மழையில பக்கத்து வீட்டு வங்காளி அம்மா அதுல ஒரு செருப்பை விட்டாங்க, இன்னும் தேடிட்டிருக்காங்க. குழி இருந்தா மூடுங்க. அதுக்குப் போயி கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு ஸ்டாப்பை எடுக்கணுமா? ஓடுற பஸ்ஸை விட நிக்கிற பஸ்ஸுதான் ரோட்டை ஜாஸ்தி அமுக்குதாம். நாள் பூரா கல்லாவுல உக்காந்து நான் பெருத்தேன், சரி. பஸ்ஸு ஏன் சார் பெருத்துப்போகணும்?

சிரிக்காதீங்க. புரியாமலும் பேசல. எம் பொண்ணு சுலோசனா காலேஜுல மேல்படிப்பு படிக்கிறா, அவதான் வெளக்குனா. வாயே தொறக்காத பொண்ணு. அன்னிக்கு அல்வாத் தட்டைக் கொண்டாந்து மேஜைல வச்சா. தராசுலேருந்து எடைக்கல்லை எடுத்து அல்வா மேல வச்சு, ஒடனே தூக்கிட்டா. அமுங்கின அல்வா மறுபடி எழும்பிடுச்சு. அடுத்தாப்ல இன்னொரு எடத்துல வச்சா, வச்சது வச்சபடி விட்டுட்டு காபி குடிக்கப் போயிட்டா. வந்து எடுத்தா குழி. அது எழும்பவே இல்ல. வெயில்ல தாரும் இப்படித்தாம்மா, சீக்கிரம் போற கனத்தை மறந்துடும், நின்னு அமுக்குற கனத்தை மறக்காதுன்னா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவங்கப்பாதான், இந்த அல்வாவை இனிமே யாரு வாங்குவான்னு கேட்டாரு.

அதுக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதணுமாமே. அட்டை அட்டையா ஓட்டை போட்டு, கட்டுக்கட்டா மெஷினுக்குக் குடுக்கணும். ஒரு அட்டை முன்ன பின்ன மாறினாலும் எல்லாம் போச்சு. கரண்ட் போயி லோட்ஷெடிங் வந்தா மெஷினும் நம்மள மாதிரி விசிறிட்டு உக்காந்திருக்கும். வண்டி என்ன கனம், என்ன வேகம், எவ்வளவு நேரம் நிக்குது, எவ்வளவு வெயில், எல்லாம் போட்டா அடுத்த வருஷம் ரோடு எவ்வளவு எறங்கும்னு இந்த வருஷமே சொல்லிடுமாம். கெட்ட சேதியை முன்கூட்டியே சொல்றதுக்கு எனக்கு நாத்தனார் இருக்கா, மெஷின் எதுக்கு?

உங்க பில்லு கூட அந்த ஓட்டை அட்டைலதான் எழுதியிருக்கு, திருப்பிப் பாருங்க. வீணாப்போன அட்டை. சுலோசனா காலேஜுலேருந்து கொண்டாருவா.

அவளால ஒரு கூத்து நடந்துச்சு சார். சித்திரை வெயில்ல தெனமும் மாடி ஜன்னல்ல போயி நிப்பா, கையில அவங்கப்பா வாட்ச். பஸ்ஸு வந்து நிக்கும், வாட்சைப் பாப்பா. கெளம்பும், மறுபடி பாத்துட்டுத் தானா சிரிச்சுக்குவா. வயசுப் பொண்ணு பஸ்ஸைப் பாத்து ஏன் சிரிக்கணும்? கண்டக்டர்தான்னு முடிவு பண்ணிட்டேன். பையன் எப்படின்னு பாத்துட்டு வாங்கன்னு இவரை அந்த பஸ்ஸுல ஏத்திவிட்டேன். ஹௌரா வரைக்கும் போயிட்டு வந்தாரு. கண்டக்டருக்குப் பேரன் இருக்கான், முன்பல்லு இல்ல, ஆனா சில்லறையைச் சரியாக் குடுக்கிறாரு, நல்ல மனுஷன்னாரு.

அது கெடக்கட்டும். உங்க கையில இருக்கிற அந்த கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ரசீதெல்லாம் நான்தானே பாக்குறேன். இது காலேஜு ப்ரொபசர் பேரா? சரி. அடுத்த பக்கம்? கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. வேற பேரு ஒண்ணும் இல்லையா? மேலட்டைக்குப் பின்னாடி?

ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். காபி ஆறுது, குடிங்க.

இல்ல சார், கோவமெல்லாம் இல்ல. எங்க விட்டேன்? மருந்துக் கடை. கொண்டுபோங்க. ஆமா, சரின்னுதான் சொல்றேன். கணக்கு தப்பா இருக்காது. ஸ்டாப்பை எடுக்கலாம்னே எழுதிடுங்க. இட்லி நல்லா இருந்தா ரோட்டைத் தாண்டி வரமாட்டானா? வரமாட்டான், எனக்கும் தெரியும். பரவால்ல, பாத்துக்கலாம்.

ஆனா எழுதறப்ப, இந்தக் கணக்கைப் போட்டது டி. சுலோசனான்னு ஒரு வரி சேத்துடுங்க. முடியாதா? பேனா உங்களுதுதானே. டி-ன்னா துரைசாமி. ஆமா, அவதான், ஜன்னல்ல வாட்சோட நின்னு, பஸ் நிக்கிற நேரத்தைக் கணக்கெடுத்தவதான். கல்கத்தா பூரா ஸ்டாப் இருக்கே, உனக்கு நம்ம கடை வாசல்தானா கெடைச்சுதுன்னு கேட்டேன். ஜன்னல்லேருந்து இதுதாம்மா தெரியுதுன்னா. அன்னியிலேருந்து நான் அவகிட்டப் பேசறதில்ல. அச்சுல வர்றப்ப எம் பேரும் இருக்கும்மான்னு ஒரே ஒரு தடவை சொன்னா, அதுக்கும் நான் பதில் சொல்லல. இப்ப கொஞ்ச நாளா சரியாச் சாப்பிட மாட்டேங்கறா. நான் பேசாததாலதான்னு நெனச்சுட்டிருந்தேன்.

உங்களுக்கு இட்லி கொண்டாந்து வச்சிட்டுத் தலை நிமிராமப் போனாளே, அவதான் சார். சும்மா கேட்டா பேசமாட்டா. கணக்கைப் பத்தி எதுனா கேளுங்க.

ஏட்டி சுலோசனா, சாருக்கு அல்வா கொண்டா. எடைக்கல்லையும் எடுத்துட்டு வா.