என் கணினியிலிருந்து போகிறதே

ஏசியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், ஸார். சர்வர் அறையிலேயே குடித்தனம் நடத்தியதில் எனக்குத் தீராத ஜலதோஷம்.

மருத்துவமனையின் மின்னஞ்சல் சர்வர் என் பொறுப்பு. எந்தெந்த இயந்திரம் அதன் வழியாக வெளியே மடல் அனுப்பலாம் என்பதை நான்தான் முடிவு செய்வேன். அனுமதி இல்லாதது அனுப்பினால் சர்வர் திருப்பிவிடும். எல்லோருக்கும் திறந்துவிட்டால் மோசடிக்காரனெல்லாம் எங்கள் பெயரில் கடை விரிப்பான். பாதுகாப்பில் நான் கறார்.

பரிசோதனைக்கூடத்தின் தலைவி பெரிய படிப்பு படித்தவர். கேன்டீனில் எல்லோர் முன்னாலும் என்னைத் "தபால்காரர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் அறைக்குப் போய் அவருடைய ரத்தப் பரிசோதனை இயந்திரத்தின் அனுமதியை நீக்கினேன். ஆபத்தான முடிவு வந்தால் டாக்டரின் போனுக்கு மடல் அனுப்புகிற இயந்திரம் அது. நிர்வாகத்திடம் ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் அவரே இறங்கி வந்தார்.

"என்னங்க, மெயில் போக மாட்டேங்குது. அனுமதி இல்லைன்னு திரும்பி வருது. ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் டாக்டருக்கு போன் பண்ண வேண்டியிருக்கு."

"இருங்க மேடம், பாத்துடலாம்."

என் கணினியிலிருந்து ஒரு சோதனை மடல் அனுப்பிக் காட்டினேன். அனுமதியுள்ள கணினி, போகாமல் என்ன செய்யும்? தன் இயந்திரத்திலிருந்து சோதிக்க வேண்டும் என்று அத்தனை படித்தவருக்குத் தோன்றவில்லை. மடல் திரும்பி வந்து அவரைத் தொல்லை செய்யக்கூடாதே என்று, அந்த இயந்திரம் அனுப்புவதையெல்லாம் சத்தமில்லாமல் குப்பையில் போடும்படி சர்வரை மாற்றிவைத்தேன்.

"சரியாயிடுச்சு மேடம். இனிமே டாக்டருக்கு போன்லாம் பண்ணி சிரமப்படாதீங்க."

நன்றி சொன்னார். அப்போதும் என் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே, மாடியில் சிறுநீரகக் கோளாறோடு படுத்திருந்த பள்ளி ஆசிரியைக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் அளவுக்கு ஏறியது. 'அவசரம்' என்று வந்த மடலை சர்வர் குப்பையில் போட்டதை என் திரையில் பார்த்தேன். டெலிபோன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. டீ குடிக்கக் கிளம்பினேன். லிஃப்ட் அருகே அந்த ஆசிரியையின் கணவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், ரிசல்ட் வந்துடுச்சாங்களா?"

"வந்தா டாக்டருக்கு உடனே தெரிஞ்சிடுங்க. கவலைப்படாதீங்க."

சாயங்காலம் அந்தம்மா இறந்துவிட்டார்.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். நிர்வாகம் அந்தக் கணவருக்கு அனுப்பிய இரங்கல் மடல் என் சர்வர் வழியாக ஒரு நொடிகூடத் தாமதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அதற்கு இதுவரை ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.