எட்டாவது நூல்

தாமலிலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர். ஒருவர் சர்க்கரைவள்ளி ஆராய்ச்சித் தோட்டத்து ஊழியர். மற்றவர், இலைகளின் நிறத்தை ஒப்பிட்டு எழுத அவருக்குப் பட்டுநூலில் சாயம் போட்டுத் தரும் பிள்ளையார்பாளையத்துக்காரர்.

"உன் நூலு வர்றதுக்கு முந்தியே ஒரு பாத்தி மட்டும் அந்த நூலு நிறத்துக்கே மாறிக்கினு இருக்குதுபா."

"இலை முத்தினா நிறம் மாறத்தான் செய்யும்."

"ஏழு நூலுக்கும் அப்படியே ஆச்சு. இன்னிக்குக் காலைல அதே பாத்தில பறிச்சது இது. உன் ஏழு நூல்ல எதோடயும் சேரல."

ஊழியர் சட்டைப்பையிலிருந்து ஓர் இலையை எடுத்து நீட்டினார். சாயக்காரர் வாங்கவில்லை.

"எட்டாவது நூலு நேத்து தப்பா வந்துச்சு. யாருக்கும் காட்டாம அடுப்புல போட்டுட்டேன்."

"என்னா நிறம்?"

சாயக்காரர் கையை விரித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாயத்துக்கும் இலைக்கும் துளி வித்தியாசமில்லை.