முகம் பார்க்கும் குழு

காபி நன்றாக இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் சர்க்கரையைக் கொட்டிப் பாகாக்கிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கிற ஆள் இல்லை.

விசாரணை என்று கூப்பிட்டு நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான் ஐயா. என் தங்கை மகள் தைனாராவைக் குழு பார்த்த அன்று நான் அந்த அறையில் இருந்தேனா? இல்லை. சொந்தக்காரப் பெண், அதனால் அன்றைக்கு நான் உட்கார மாட்டேன் என்று ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் காகிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டீர்கள். திறந்தே வைத்திருங்கள். நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்.

கறுப்பு, பழுப்பு நிறத்தவருக்கான ஒதுக்கீட்டில் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டுமென்றால் எங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்திருப்போம். பிள்ளை தன் நிறம் என்ன என்று ஒரு வரி வாசிக்கும், கேமரா ஓடும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தோல், மூக்கு, உதடு, முடி, அவ்வளவுதான் பார்ப்போம். தாத்தாவின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், திருப்பிக் கொடுத்துவிடுவோம். கடையில் காவலாளி தாத்தாவைப் பார்த்துப் பின்னால் வருவதில்லை, உன்னைப் பார்த்துத்தான் வருகிறான். இந்த விதி நியாயமானது. ஆறு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவள் சொல்கிறேன், இன்றைக்கும் அதை நம்புகிறேன்.

என் தங்கை மரினால்வாவும் நானும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். நான் அப்பா நிறம், கறுப்பு. அவள் அம்மா நிறம், வெளுப்பு. எங்கள் பாஹியா மாநிலத்தில் இது புதுமையில்லை. மே மாத ஊர்வலத்தில் மாதாவுக்குக் கிரீடம் வைக்கிற தேவதையாக அவளைத்தான் நிறுத்துவார்கள். அவள் இறக்கைக்கு ஊக்கு குத்திவிடுவது என் வேலை. எனக்குப் பதினெட்டு வயதில் ஒரு துணிக்கடையில் ஆள் எடுத்தார்கள். நல்ல தோற்றம் வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. இரண்டு பேரும் போனோம். அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள், என்னைப் பின்கட்டுக்குத் துணி மடிக்க அனுப்பினார்கள். "நெஜமாவே உங்க அக்காவா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வரும் வழியில், "விடுக்கா, அவங்க அப்படித்தான்" என்பாள். நான் விட்டுவிட்டேன். நாற்பது வருடம் விட்டுக்கொண்டே இருந்தேன்.

எந்தப் படிவத்திலும் அவள் தன்னை வெள்ளை என்றுதான் எழுதுவாள். அப்படிப்பட்டவளின் மகள் மருத்துவப் படிப்புக்குப் பழுப்பு என்று விண்ணப்பம் போட்டாள். கல்லாவில் நிற்க வெள்ளை, சீட் வாங்கப் பழுப்பு. இதில் எனக்கு வயிறு எரிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமை இல்லை ஐயா. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது.

தைனாராவைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருடம் பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் தேவாலயக் கூடத்தில் இலவச வகுப்பு, பேருந்தில் நின்றுகொண்டே படிப்பு. நிறத்தில் அவள் தன் அப்பாவைக் கொண்டவள், நல்ல பழுப்பு. முடி சுருண்டு சுருண்டு சீப்பு இறங்காது. சந்தைக்குப் பக்கத்துப் பெரிய கடையில் காவலாளி அவள் பின்னாலேயே சுற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தபடியே வந்து நின்றிருந்தால் ஐந்து பேரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நான் இருந்தால் நானும் போட்டிருப்பேன்.

திங்கட்கிழமை அவள் முறை. சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியம்மா, அவங்க முன்னாடி எப்படிப் போய் நிக்கணும்?"

"நான் எதுக்குடி இருக்கேன்? உக்காரு."

முடியை நேராக்க மூன்று மணி நேரம் பிடித்தது. களிம்பு தடவி, ஒவ்வொரு பிரியாக எடுத்து, ஸ்ட்ரெய்ட்னரால் இழுத்தேன். பாதியில் கண்ணாடியைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"சுருட்டையாவே விட்ருக்கலாமோ? இது நான் மாதிரியே இல்லையே."

"டாக்டராகப் போறவ தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டா போய் நிப்பே? பெரிய மனுசங்க உக்காந்திருக்கிற எடம்டி. திங்கக்கிழம வரைக்கும் தலையில தண்ணி படாமப் பாத்துக்கோ."

குழுவில் இருக்கிற பெரியம்மா சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது? முகத்துக்கு ஒரு பவுடர் கொடுத்தேன், எப்படிப் பூசுவது என்றும் காட்டினேன். அவள் நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பானது. அந்த அறையில் வெள்ளை விளக்கு என்பதால் கடையிலும் வெள்ளை விளக்கின் கீழ் என் கையில் பூசிப் பார்த்துத்தான் வாங்கினேன். முழுக்கை வைத்த, கழுத்து மூடிய சட்டை ஒன்றும் கொடுத்தேன். எல்லாம் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

"அம்மா மாதிரியே இருக்கேன்ல?"

"அப்படியே உங்கம்மாதான்" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

வாசலில் எங்கள் வழக்கப்படி ஆசீர்வாதம் கேட்டாள். கடவுள் உன்னைக் காக்கட்டும் என்றேன்.

எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர் உட்பட ஐந்து பேரும் மறுத்துவிட்டார்கள். யாரிடமும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. விசாரித்துப் பாருங்கள், என் பெயர் எங்கேயும் வராது.

மேல்முறையீடு செய்தார்கள். அதில் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். வேறு மூன்று பேர் அன்றைக்குக் கேமராவில் எடுத்த அதே படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி. மரினால்வா போனில் அழுதாள். "அக்கா, வெயில்ல படுத்தா கறுத்துருவாளாமே? பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. மறுபடி கூப்பிடுறதுக்குள்ள ஒரு மூணு நாள் படுக்கச் சொல்லட்டுமா?"

"படுக்கட்டுமே, என்ன தப்பு?" என்றேன்.

பிப்ரவரி மாத வெயில், எங்கள் பக்கம் அதுதான் கடுங்கோடை. மொட்டை மாடிச் சிமெண்டுத் தரையில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு காலை பத்திலிருந்து மூன்று வரை கிடந்தாள். நான் விடுப்புப் போட்டுவிட்டு இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாம் நாளே முதுகு கொப்புளம் கொப்புளமாக இருந்தது. காய்ச்சலில் பல் கிட்டித்து நடுங்கினாள்.

"போதுமா பெரியம்மா? கறுத்துட்டேனா?"

"இன்னும் கொஞ்சம்டா."

மூன்றாம் நாள் நினைவு தப்பிக் கிடந்தவளை மரினால்வாதான் கண்டு தூக்கிக்கொண்டு ஓடினாள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. முதுகுத் தோல் பாளம் பாளமாக உரிந்து, புதுத் தோல் அங்கங்கே வெள்ளைத் திட்டாக வந்தது. மேல்முறையீட்டையும் தள்ளிவிட்டார்கள். ஒதுக்கீட்டைத் திருட வந்தவள் என்று அவள் படம் ஊர் முழுக்கப் போனில் சுற்றியது. மருந்துக்கடை வேலையை விட்டாள், புத்தகங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டாள், வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

அந்த இடம் நிஜமாகவே கறுப்பான, கதியற்ற ஒரு பிள்ளைக்குப் போயிருக்கும். அந்த எண்ணத்தில்தான் இதையெல்லாம் செய்தேன். யாருக்குப் போயிற்று என்கிற பட்டியல் என் மேசைக் கணினியிலேயே இருக்கிறது. ஆறு மாதமாயிற்று, நான் திறக்கவில்லை. நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் முதுகுக்கு மருந்து தடவப் போவேன். மரினால்வாவுக்கு அந்தத் தோலைப் பார்த்தால் தாங்காது, சமையலறையில் போய் நின்றுகொள்வாள். போன மாதம் அப்படித் தடவிக்கொண்டிருக்கும்போது மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை என்றெல்லாம் கேட்டுவிட்டு, குப்புறப் படுத்திருந்தவளைப் பார்த்து, "உங்க நிறம்? வெள்ளையா, கறுப்பா, பழுப்பா?" என்றாள்.

தைனாரா தலையணையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "பெரியம்மாகிட்டக் கேளுங்க. அவங்க முகம் பாக்குற குழுல இருக்காங்க. அவங்க சொன்னா சரியா இருக்கும்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அந்த நிமிடம் வரைக்கும் அவள் என்னை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

"பழுப்பு. எழுதிக்கம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை ஐயா, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மருந்து இன்னும் பாதி முதுகுக்குப் பாக்கி இருந்தது. தடவி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.