ஏஞ்சல் பேரில் ஒரு கட்டில்

விடியற்காலை நாலு இருபது. தேனியிலிருந்து கம்பம் போகிற சாலை. வீரபாண்டி தாண்டியதும் ஆற்றுக்கு இறங்குகிற மண் பாதை ஒன்று உண்டு... அந்த நேரத்தில் அங்கே நாய்கூட நிற்காது. ஒரு வாடகைக் கார் மட்டும் விளக்கை அணைக்காமல் நின்றது. பின்கதவு திறந்தது. ஒரு பெண் செல்போன் வெளிச்சத்தில் ஆற்றைப் பார்த்து இறங்கினாள். கல் பொறுக்க.

அஜய், அந்த லேப்டாப்பை மூடு. பாலியா பாக்கு நகரமா என்று அப்புறம் அடித்துக்கொள்ளலாம். ஷட்டரையும் இன்னும் ஒரு சாண் இறக்கிவிடு, காற்று வருகிறது. மலிவாக ஒரு வெளிநாடு வேண்டும் என்று மூன்று நாளாக என் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

நான் லேசில் எதையும் நம்புகிறவன் இல்லை. ஏலக்காய் வியாபாரி தன் தராசையே நம்ப மாட்டான். இது நம் விஜயபாண்டியின் தங்கை நதியாவுக்கு நடந்தது. கேட்டதும் புளுகு என்றுதான் நினைத்தேன். கூடப் போன மற்ற இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிடித்து விசாரித்தேன். மூன்று பேரும் ஒப்பித்தாற்போல் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவர்கள் ஒருத்தி மேல் ஒருத்தி பழி போட்டார்கள். அதனால்தான் எழுந்து வராமல் முழுசாகக் கேட்டேன்.

நதியா, சொர்ணலதா, பிரின்சி, ஏஞ்சல். நாலு பேரும் தேனியில் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். மே மாத லீவில் புருஷன், பிள்ளை, மாமியார் யாரும் இல்லாமல் ஒரு வாரம் எங்காவது போக வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. பிரின்சி மாலத்தீவு என்றாள். சொர்ணலதா பாலி என்றாள். வியட்நாமைக் கண்டுபிடித்தது ஏஞ்சல்தான். மாலத்தீவில் ஒரு நாள் வாடகைக்கு அங்கே ஒரு வாரம் இருக்கலாம் என்று நோட்டில் கட்டம் போட்டுக் காட்டினாள். மேகாங் ஆற்றின் மேல் மரக்கால் ஊன்றிய வீடு. ஒரே நீள அறை, வரிசையாக நாலு கட்டில். ஜன்னலைத் திறந்தால் படகு போகும். நாலு பேர் சேர்ந்தால்தான் அந்த விலை.

ஏஞ்சல் வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கும் போனதில்லை. அந்த ஆற்று வீட்டுப் படத்தைத்தான் ஆறு மாதமாகப் போன் முகப்பில் வைத்திருந்தாள். புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஏஞ்சல் போகவில்லை. பணம் திரும்ப வராது. போனில் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாளாம்.

"நீங்க போய்ட்டு வாங்கடி. அந்த நாலாவது கட்டில மட்டும் யாருக்கும் குடுத்துராதீக. எம் பேரச் சொல்லி வச்சிருங்க."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டது அவள்தான்.

இப்போது மூன்று பேர். நம் பக்கம் மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்ப மாட்டோம் இல்லையா... ஒரு கல்லைக் கையில் எடுத்து நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வோம். வீரபாண்டி வரும்போதுதான் சொர்ணலதாவுக்கு அது உறைத்தது. "அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க" என்றாள். டிரைவர் காமராஜ் ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார். நதியா இறங்கிப் போனாள்.

ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது. கரைச் சேற்றில் ஒரு கல். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, நீளவாக்கில், வழவழவென்று. ஒரு நூல் சுற்றியிருந்தது. மஞ்சள் வாசம். கோவில் ஆற்றங்கரைதானே, நல்ல கல்லாகத்தான் இருக்கும் என்று எடுத்து வந்துவிட்டாள். பிரின்சி சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு இதெல்லாம் சிரிப்பு. கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தட்டிக் கொடுத்தாள்.

"ஏஞ்சலு, கடைசியில நீயும் வந்துட்டியாடி!"

மூன்று பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கல்லுக்கு அதுதான் பெயர்.

கொச்சி விமான நிலையத்தில் பையைச் சோதித்தவன் கல்லை வெளியே எடுத்தான். "இது எந்தா?" என்றான். "சாமி கல்லு" என்று பிரின்சியே சொன்னாள். அவன் உடனே கீழே வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தான். கல் ஈரமாக இருந்திருக்கிறது. எடுத்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஆற்று வீடு படத்தில் இருந்தது போலவே இருந்தது. நாலாவது கட்டிலில் கல்லை வைத்துப் போர்வையைப் போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டுக்காரம்மா நாலு கிண்ணம் வைத்தாள். நாலு பேருக்குப் பதிவு செய்தது, வைத்திருப்பாள். இதில் ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன்.

மறுநாள் காலை நாலாவது கட்டில் நனைந்திருந்தது. தண்ணீர் கொட்டினாற்போல் இல்லை. குளித்துத் துவட்டாமல் ஒரு ஆள் படுத்து எழுந்தாற்போல், தோள் அகலத்துக்கு. பச்சை மஞ்சள் வாசமும் எள்ளு வாசமும்... பிரின்சிதான் விளையாடுகிறாள் என்று நதியா நினைத்தாள். நதியாதான் என்று சொர்ணலதா நினைத்தாள். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி மூன்று பேரும் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி கவனித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. காலையில் கட்டில் நனைந்திருந்தது.

அன்று மத்தியானம் ஏஞ்சல் போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"குளிருதுடி" என்றாள்.

தேனியில் மே மாதம். மின்விசிறியே அனல் கக்குகிற நேரம்.

"ராத்திரி பூரா அந்தப் படகுச் சத்தம். டுப்பு டுப்புனு... கண்ணையே மூட முடியல."

போனை வைத்ததும் சண்டை. வீடியோ அனுப்பியது யார்? இவள் அவளைக் கேட்க, அவள் இவளைக் கேட்க, மூன்று பேர் செல்போனையும் வாங்கி மாற்றி மாற்றித் தேடிப் பார்த்தார்கள். ஏஞ்சல் பாவம், பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று ஒருத்தியும் ஒரு படம்கூட அனுப்பியிருக்கவில்லை. அவள் புருஷன் விஜய்ராஜுக்கு ரகசியமாகப் போன் செய்தாள் சொர்ணலதா. "ரெண்டு நாளா படுத்தே கெடக்கா. கூப்புட்டா காதுல விழ மாட்டேங்குது. டிரிப்பு போகலங்கற கவலைதான்" என்றார் அவர்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி போன். நதியாதான் எடுத்தாள்.

"நதியா... நேத்து ராத்திரி போர்வைக்குள்ள அழுதியே, எதுக்குடி?"

அவள் அழுதது உண்மை. சத்தமே இல்லாமல், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். எதற்கென்று எனக்கும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் பிரின்சிக்கே தெரியாது. அவள் முகத்துக்கு நேராக இருந்தது சுவரும் அந்த நாலாவது கட்டிலும் மட்டும்தான்.

நதியா போனைத் தரையில் போட்டாள். கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். ஆற்றுக்கு இறங்கும் மரப்படி. அங்கே நின்று முதுகை ஆற்றுக்குக் காட்டிக்கொண்டு, தலைக்கு மேலே பின்பக்கமாக வீசினாள். ஏன் அப்படி வீசினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நேராக வீசக் கண் கூசியதாம். "போயிரு ஏஞ்சலு... போயிரு" என்று கத்தினாள். ஒரே ஒரு சத்தம். தொளுக்.

உள்ளே வந்து போனை எடுத்தால் இணைப்பு அறுபடாமல் இருந்தது. "ஏஞ்சலு?" என்றாள்.  தெளிவான குரல், பக்கத்தில் நின்று பேசுவது போல.

"யாரு பேசுறீக?"

நதியா போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் கட்டில் நனையவில்லை. மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். மிச்ச நாளும் சந்தோஷமாகச் சுற்றினார்களாம். அதை நினைத்தால்தான் இப்போது மூன்று பேருக்கும் சோறு இறங்குவதில்லை.

கொச்சிக்குக் காமராஜ் கார் கொண்டு வந்திருந்தார். வழியில் டீ குடிக்கும்போது சொர்ணலதா சும்மா படம் காட்டினாள். நாலாவது கட்டில், போர்வை, கல். காமராஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

"இத எங்கன எடுத்தீக?"

"வீரபாண்டி ஆத்துல. நீங்கதான வண்டிய நிப்பாட்டுனீக."

"இது கருமாதிக் கல்லும்மா. செத்தவுகளுக்காக ஊண்டுற கல்லு. மஞ்சத் தடவி, நூல் சுத்தி, அவுக பேரச் சொல்லிக் கும்புட்டு, கடைசியில ஆத்துல விட்டுருவோம். முதுகுப் பக்கமாப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். அதோட அவுக போயிட்டாகன்னு அர்த்தம். தண்ணி வத்தவும் மேல தட்டுப்பட்டுருக்கும்..." அவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க பேரு எதுவும் சொல்லலியே?"

குமுளி இறங்கும்வரை காமராஜ் வண்டியை எங்கும் நிறுத்தவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராகப் பழனிசெட்டிபட்டி போனார்கள். ஏஞ்சல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். உயிரோடு இருக்க வேண்டுமே என்று பிரின்சி சத்தம் போட்டே ஜெபம் செய்தாள். கதவு திறந்தது. ஏஞ்சல்தான். நன்றாக, தெம்பாக. நதியா அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

ஏஞ்சல் கையைத் தூக்கவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை, விலக்கவும் இல்லை. விட்ட பிறகு மூன்று பேரையும் பார்த்தாள். வெற்றிலை போட்டிருந்தாள். வெற்றிலை வாசம் பட்டாலே மூக்கைப் பொத்துகிற ஏஞ்சல்.

"மூணு பேரும் நல்லபடியாப் போய்ட்டு வந்தீகளா? உக்காருங்க, காப்பித் தண்ணி போடுறேன்."

பன்னிரண்டு வருஷமாக வாடி போடி என்று பேசுகிறவள். படம் காட்டு என்று கேட்கவில்லை. ஆற்று வீடு எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. விஜய்ராஜுக்கு ஒரே சந்தோஷம். "முந்தி மாதிரி இல்ல, எங்கம்மாவத் தாங்கு தாங்குனு தாங்குறா. கறிக்கொழம்பு வச்சாள்னா கம்பம் வரைக்கும் மணக்கும்" என்றார். சர்ச்சுக்குத்தான் வருவதில்லையாம். தலைவலி என்கிறாளாம். அவள் போன் முகப்பில் இருந்த படம் மாறியிருந்தது. வெறும் கறுப்பு.

நான் போய்ப் பார்த்தேன். சொன்னேனே, எனக்குச் சந்தேகம் தீராது. ஏலக்காய் கொடுக்கிற சாக்கில் போனேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது போன வருசத்துக் காயில்ல?" என்றாள். சரியாகச் சொன்னாள். ஸ்கூலில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? கேட்கவில்லை. காசுகூட வாங்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

சரி, புத்தி கொஞ்சம் பிசகியிருக்கிறது, மன உளைச்சல், டாக்டரிடம் காட்டலாம் என்று மூன்று பேரையும் தேற்றினேன். நான்கூட அதை முக்கால்வாசி நம்பினேன். போன வெள்ளிக்கிழமை பிரின்சி ஓடி வந்தாள்.  வியட்நாமிலிருந்து அந்த வீட்டுக்காரம்மா செய்தி அனுப்பியிருந்தாள். அவள் பாஷையில் நீளமாக. பிரின்சி அதைச் செல்போனிலேயே தமிழுக்கு மாற்றியிருந்தாள். என் கண்ணால் படித்தேன்.

வணக்கம். உங்கள் நான்காவது தோழி இன்னும் அறையைக் காலி செய்யவில்லை. தினமும் கட்டில் நனைந்திருக்கிறது. நாங்கள் வாடகை கேட்கவில்லை. பகல் முழுவதும் ஆற்றுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். கிண்ணத்தில் வைக்கும் சோறு அப்படியே இருக்கிறது. எங்கள் மொழியில் ஒரே ஒரு கேள்வி கற்றுக்கொண்டாள். வருகிற படகுக்காரர்கள் எல்லாரிடமும் எழுந்து நின்று அதையே கேட்கிறாள்.

தேனி போகுமா?